தம்பியின் நாடி

ஜூலை 14, திங்கள்

நாள் முழுக்கக் கண் ஆஸ்பத்திரியில் போயிற்று. தம்பி ஆசீருக்கு இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம் கூடியிருக்கிறதாம். வலிக்காது, சிவக்காது, கவனிக்காமல் விட்டால் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார் டாக்டர். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும், கண்ணுக்கு ஒரு சொட்டு.

கூடப் போனது நான்தான். அவன் மனைவி லீதியாளுக்கு நர்சிங் ஹோமில் டூட்டி. புருஷனுக்குக் கண் போனாலும் டூட்டி போகக் கூடாது அவளுக்கு. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டைரியில் எழுதினால் யார் என்ன கேட்க முடியும்?

"யாருல ஒனக்கு மருந்து போட்டு விடுவா?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

"நீயே போட்டு விடுக்கா. ஒன் கைதான் லேசு," என்றான்.

ஐம்பத்தேழு வயதிலும் கண்ணருகில் ஏதாவது வந்தால் குழந்தைபோலத் தலையை ஆட்டுகிறவன். எனக்குத்தான் தெரியும் அவனை எப்படிப் பிடிப்பது என்று.

ஜூலை 16, புதன்

காலை எட்டு மணிக்கு லீதியாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் மருந்து போட்டேன். சாயங்காலம் அவள் வருவதற்கு முன்னால் மறுபடியும். சொட்டு கண்ணுக்குள் விழுந்ததா, இமையில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தால் இன்னொன்று விடுகிறேன். நல்லதுதானே.

அவள் டூட்டிக்குக் கிளம்பும் முன் அவனுக்கு நாலு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒன்பது மணிக்கு நான் சுடும் தோசையையும் அவன் ஒன்றும் பேசாமல் சாப்பிடுகிறான். பாவம், அவள் கைச் சாப்பாடு அவனுக்குப் போதவில்லை. பிப்ரவரியில் கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அவனும் கொஞ்சம் பருத்திருக்கிறான்.

அவன் முதல் மனைவி தவறிப்போய் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் இந்த வீட்டில் நானும் அவனும்தான். வங்கி வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கி வந்தவனுக்கு என்ன குறை வைத்தேன்? நாற்பத்தாறு வயது வரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்த நர்ஸுக்குத் திடீரென்று என் தம்பியைக் கண்டதும் மனசு மாறியது எப்படி என்று கேட்டால், "கர்த்தருடைய சித்தம்" என்கிறார் போதகர். இருக்கட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

மருந்துப் புட்டி காலி. ஒரு மாதம் வரும் என்றான் கடைக்காரன், பதினைந்து நாள்கூட வரவில்லை. கோயில் முடிந்து வரும் வழியில் கடையில் ஏறி நன்றாகக் கேட்டேன்.

"பாதிதான் அடைச்சு விக்கீங்களோ?"

"அது கம்பெனியில சீல் வச்சு வாறது டீச்சர். நான் என்ன செய்ய முடியும்?"

"சீலை ஒடைக்காம உறிஞ்ச ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

ஆசீர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான். "இனி நானே வாங்கிக்கிடுதேன்க்கா, நீ யார்ட்டயும் சண்டைக்குப் போகாத," என்றான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை.

லீதியாளுக்குத் தலைவலியாம். ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு மத்தியானம் பூராவும் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிற தலைவலி. கறியை நானே வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆசீர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னல செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா. லேசா கிறக்கமா இருக்கு. காலுல வலுவே இல்ல."

வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தேன். அவள் வந்ததும் அவளும் மோர் கொடுத்தாள். இரண்டையும் குடித்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று ஒன்று கண்ணில் பட்டது. முன் அறையில் ஆசீர் நாற்காலியில் சாய்ந்திருந்தான். லீதியாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் கையை விட்டுவிட்டாள்.

"என்ன பாக்க?" என்றேன்.

"சும்மா மைனி."

புருஷன் கையைப் பிடிப்பதை நான் வேண்டாம் என்றா சொன்னேன்? பிடிக்கட்டும். ஆனால் ஆளைக் கண்டதும் ஏன் விட வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் அசனம். ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாள். பந்திக்கு வரிசையில் நிற்கும்போது ஆசீர் அப்படியே சரிந்தான். முன்னால் நின்ற ஆள் தாங்கிப் பிடித்ததால் மண்டை தப்பியது. கீழே படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு எல்லாம் செய்தது லீதியாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. எனக்கானால் கை கால் ஓடவில்லை. நர்ஸ் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்தவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு பேருமே போனோம், விட்டுக்கொடுக்க முடியுமா? இ.சி.ஜி. எடுத்தார். துடிப்பு சீராக இருக்கிறது, ஆனால் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்துதான் இருக்கிறது என்றார்.

"மாத்திரை எதும் சாப்பிடுதீங்களா?"

"ஒரு மாத்திரையும் கெடையாது டாக்டர்," என்றான் ஆசீர்.

அவனுக்கு ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. நானும் தலையாட்டினேன், அவளும் தலையாட்டினாள். இதய டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இப்படியே போனால் நெஞ்சுக்குள் கருவி வைக்க வேண்டிவரலாம் என்றார். அந்தப் பெரிய டாக்டரைப் பார்க்க இருபத்தெட்டாம் தேதிதான் கிடைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மருதம்பட்டை வாங்கிவரச் செய்து கஷாயம் காய்ச்சினேன். இதயத்துக்கு அதைவிட வேறு இல்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவள் டூட்டிக்குக் கிளம்பும்போது அடுக்களையில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். என் கஷாயத்தைச் சின்னப் புட்டி ஒன்றில் ஊற்றி, மூடி, கைப்பையில் வைத்தாள். நான் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது. திருடித் தின்பதற்கு அதென்ன பால்கோவாவா? ஒன்று, கொண்டுபோய்க் கொட்டுகிறாள். அல்லது அதில் எதையாவது கலந்து திரும்பக் கொண்டு வரப் போகிறாள். இனிமேல் கஷாயத்தை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான் கோயிலில் இருந்து வருவதற்குள் கேட்டருகில் நின்ற செவ்வரளிச் செடியை அடியோடு வெட்டித் தள்ளியிருக்கிறாள். அம்மா வைத்த செடி.

"யாரைக் கேட்டு வெட்டுன?"

"பூச்சி அடைஞ்சு கெடந்துது மைனி."

விலங்கியல் படித்தவளிடம் பூச்சிக் கதை. ஒரு பூச்சி இல்லை அதில். ஆசீரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விடுக்கா, வேற வச்சுக்கிடலாம்," என்றான். அவன் முகம் வாடிக் கிடந்ததால் மேலே பேசவில்லை. ஆனால் என் அம்மாவின் செடி அவளை என்ன செய்தது? அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இதில் விஷயம் இருக்கிறது.

காலையில் குளியலறையிலிருந்து ஆசீர் அலறினான். ஓடிப்போய்ப் பார்த்தால் வாளிக்குப் பின்னால் சாரைப்பாம்பு, ஆள் உயரத்துக்கு. அவன் துண்டோடு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். முப்பத்தைந்து வருஷம் விலங்கியல் டீச்சராக இருந்தவளுக்குச் சாரையிடம் என்ன பயம்? சாக்கை விரித்துத் துடைப்பத்தால் தள்ளி உள்ளே விட்டு, பின்பக்கத் தோப்பில் கொண்டு விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் அவன் முகம் வெளுத்திருக்கிறது, உள்ளங்கை வேர்த்து நனைந்திருக்கிறது. ஏதோ தோன்றி மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஆராதனையில் உட்கார்ந்திருப்பதுபோல அசையாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு. எனக்கு, பாம்பைப் பிடித்தவளுக்கு, நூறைத் தாண்டியிருந்தது.

இது எப்படி முடியும்?

இதயத் தசைக்குத் துடிக்க யாரும் சொல்லித் தர வேண்டாம். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் போட்டாலும் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன், தவளையை அறுக்கக் கூடாது என்று சட்டம் வரும்வரை. ஆனால் எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்பதை வெளியிலிருந்து வரும் சேதிதான் முடிவு செய்கிறது. கரைசலில் ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால் போதும், அந்தக் குட்டி இதயம் வேகமெடுக்கும், ஒவ்வொரு முறையும் பலமாகச் சுருங்கும். அசெட்டில்கோலின் விட்டால் தூங்கி வழியும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே வாயைப் பிளப்பார்கள்.

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் வெளிச்சுவரில் ஏற்பி என்று ஒரு இருக்கை உண்டு, அதில் வந்து உட்காரும். அது உட்கார்ந்ததும் உள்ளே ஆள் மாற்றி ஆள் சேதி போகும். கடைசியில் கால்சியம் திறந்துவிடப்படும், தசை இறுகும். பாம்பைக் கண்டவனுக்கு அட்ரினலின் வராமல் இருக்காது. முகம் வெளுத்ததே அதற்குச் சாட்சி. வந்திருக்கிறது, ஆனால் இதயத்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல வேறொன்று முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அப்படி இடம் பிடிக்கிற மருந்துகள் உண்டு. பீட்டா அடைப்பான்கள். ஒரு மாத்திரையும் சாப்பிடாதவன் உடம்புக்குள் அது எப்படிப் போயிற்று? ஒரு நர்ஸுக்கு அந்த மாத்திரை கிடைப்பது பெரிய காரியமா? இட்லியில் பொடித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

இதை எழுதவே கூடாதுதான். ஆனால் கணக்கு நேராக வருகிறதே.

ஆகஸ்ட் 20, புதன்

"அவ குடுக்கிற எதையும் சாப்பிடாத," என்று ஆசீரிடம் சொன்னேன்.

"என்னக்கா பேசுத?"

"நாஞ் சொன்னாக் கேளு."

"அவ மனசு நொந்துருவாக்கா." அவ்வளவுதான் சொன்னான். தன் உயிரைப் பற்றிப் பேசும்போதும் அடுத்தவர் மனசுதான் அவனுக்கு.

இட்லியையும் சாப்பிட்டான், தோசையையும் சாப்பிட்டான். நான் போட்ட சொட்டு மருந்துக்குக் கண்ணையும் காட்டினான். கண் மட்டுமாவது நன்றாக இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்தேன். அடுத்தவர் பையைத் திறப்பது தப்புதான். எனக்குத் தெரியும். உள்ளே சீப்பு, வேதாகமம், ஒரு மாத்திரை அட்டை. அட்டையில் நாலு மாத்திரை குறைந்திருந்தது. பொடி எழுத்தை உருப்பெருக்கியில் வைத்துப் படித்தேன். ப்ரோப்ரனலால்.

அடைப்பான்களிலேயே பேர்போனது. நானே பாடத்தில் நடத்தியிருக்கிறேன்.

அட்டையை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆசீரிடம் இப்போது சொன்னால் நம்ப மாட்டான். இருபத்தெட்டாம் தேதி பெரிய டாக்டர் முன்னால் வைத்துக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் அவள் பையை இரண்டு முறை கவிழ்த்துத் தேடினாள். என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இருபத்தெட்டு வரை காத்திருக்க விடவில்லை. சாயங்காலம் மருந்து போட்டுவிட்டு காபி எடுத்து வரப் போனேன். வந்து பார்த்தால் ஆசீர் நாற்காலியிலேயே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறான், கூப்பிட்டால் பதில் இல்லை. நாடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, ஒன்று வந்தது, அடுத்தது வருமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, அவனை எடுத்துக்கொள்ளாதேயும், அவனைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்று சத்தம் போட்டே ஜெபித்தேன். அந்நேரம் பார்த்து அவள் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் செய்தாள்.

அதற்குமேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 27, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆசீர் உயிரோடு இருக்கிறான். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஊசி போட்டு, மார்பில் கம்பிகளை ஒட்டி, கருவியில் பச்சைக் கோடு ஓடவிட்டார்கள். அவனுக்கு நினைவு வந்தது. இதய டாக்டர் மீனலோசனி வந்தார், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லீதியாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

"இது இவ பையில இருந்துது டாக்டர். என் தம்பிக்குச் சோத்துல வச்சுக் குடுக்கா. பாம்பைக் கண்டும் அவனுக்கு நாடி ஏறல்ல. அட்ரினலின் வேல செய்யல்ல. இதுதான் அடைக்கு."

லீதியாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது எனக்குள்ளது டாக்டர்," என்றாள். "ஒத்தத் தலைவலிக்கு. ரெண்டு வருஷமாச் சாப்பிடுதேன். மூணு நாளா மாத்திரையைக் காங்கல, நேத்திக்கு எனக்குத் தலை வெடிச்சுப் போச்சு." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அத்தான்ட்ட கேளுங்க, தெரியும்."

ஆசீர் கண்ணை மூடியபடியே தலையாட்டினான்.

"தலைவலிக்கு இதக் குடுக்கறதுதான்," என்றார் டாக்டர். அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஆனா நீங்க சொன்னதுல பாதி சரிம்மா. எனக்கும் அடைப்பான் மாதிரிதான் தெரியுது. உள்ள எப்பிடிப் போவுதுன்னுதான் பாக்கணும்," என்றார். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். "கண்ணுக்கு எதும் மருந்து போடுறாரா?"

"ஆமா, அழுத்தத்துக்கு," என்றேன். "ஆனா அது சொட்டுதானே டாக்டர்?"

"அதுவும் பீட்டா அடைப்பான்தான்மா. கண்ணுல விட்ட சொட்டு மூக்கு வழியா எறங்கி நேரா ரத்தத்துல கலந்துரும். மாத்திரை மாதிரி ஈரலுக்குப் போயிப் பாதி கழிஞ்சு வராது. சில பேருக்கு அந்த ஒரு சொட்டே கூடுதல். சரி, யாரு போட்டு விடுறது?"

"நான்தான்," என்றேன்.

"நான்தான்," என்றாள் லீதியாள்.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி?"

"காலையிலயும் சாயங்காலமும்," என்றேன்.

"விடியக்காலம் எந்திச்சதும், ராத்திரி படுக்கப்போற முன்னயும்," என்றாள் அவள். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டாள். "நீங்களும் போடுதீங்களா மைனி?"

ஆசீர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஏல," என்றேன். "வாயத் தொறந்து சொல்லுல."

"ரெண்டு பேரும் ஆசையாப் போட வாறீங்க," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "யாரை வேண்டாம்னு சொல்ல? சொட்டுதானன்னு விட்டுட்டேன்க்கா."

டாக்டர் வெளியே போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகத்துக்கு நான் விட்ட இரண்டாவது சொட்டுகள் எல்லாம் ஞாபகம் வந்தன. நேற்றுச் சாயங்காலம் இடது கண்ணில் இரண்டு விட்டேன். காபி எடுத்து வரப் போனேன். யார் கை, யார் கை என்று இத்தனை நாளாகத் தேடினேன். என் கைதான். அவன் இதயத்தின் ஒவ்வொரு ஏற்பியிலும் துண்டு போட்டு வைத்தது நான்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மருந்து நின்றதும் நாடி ஏறுகிறது. இன்று காலை அறுபது. நெஞ்சில் கருவி எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டதும் வராந்தாவில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

லீதியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைத்தான் கேட்கவைத்திருக்கிறேன்.

அவளே பேசினாள்.

"ஒண்ணு சொல்லுதேன் மைனி, கோவப்படாதீங்க. நானும் ஒங்களத்தான் நெனச்சேன்."

"என்ன நெனச்ச?"

"நீங்கதான் எதையோ குடுக்கீங்கன்னு. நான் இந்த வீட்டுக்கு வந்தது ஒங்களுக்குப் பிடிக்கல்ல, தெரியும். நாடி எறங்க எறங்க எனக்குப் பயம். கேட்டுப் பக்கம் அரளி நின்னுது. அரளி வேரு இதயத்தப் பிடிக்கும்னு நர்சுக்குத் தெரியும். கஷாயத்த எடுத்துட்டுப் போயி எங்க டாக்டர்ட்ட காட்டுனேன். பரிசோதிக்க வழியில்லம்மான்னுட்டாரு. அதான் செடிய வெட்டுனேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னையா? இந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவளையா? அவனுக்கு நான் விஷம் வைப்பேனா? எழுந்து நின்றுவிட்டேன். காபி புடவையில் கொட்டியது.

பிறகு அவளைப் பார்த்தேன். அவள் அப்படியே உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகத் தலைவலியோடு இருந்தவளின் கண் உள்ளே போயிருந்தது. கட்டிலருகே நான் அட்டையை நீட்டியபோது இவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி. ஆனால் இவள் அதை வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதை டாக்டர் முன்னால், அவள் புருஷன் முன்னால் சொன்னேன்.

உட்கார்ந்தேன். "தப்புப் பண்ணிட்டேன் லீதியா," என்றேன்.

"ரெண்டு பேருந்தான் மைனி."

"கஷாயம் மருதம்பட்டைதான்."

"இப்பத் தெரியுது."

என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஆளைக் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவளும் சிரித்தாள். அந்தப் பக்கம் போன சிஸ்டர், சத்தம் போடாதீங்க என்று இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆசீர் வீட்டுக்கு வந்துவிட்டான். கண் டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதயத்தின் பக்கம் போகாத மருந்தாம். ஒரு நாளைக்கு ஒரே வேளை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணுக்கு ஒரு சொட்டு.

புட்டி சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. ஜெபம் முடிந்ததும் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஒரு வேளை என்றால் அது அவளுக்கு உரியது. அவன் படுப்பது அவள் அறையில்தானே. எனக்குத் தெரியும். இனி இந்த வீட்டில் அவனுக்கு என் கையால் ஆக வேண்டியது என்ன இருக்கிறது?

"நீயே போடு," என்று லீதியாளிடம் சொன்னேன்.

"நீங்க போடுங்க மைனி."

"இல்ல, நீதான் போடணும்."

"ஒங்க கைதான் லேசுன்னு அத்தான் சொல்லுவாவ."

"ஒன் கைதான் லேசுன்னு என்ட்ட சொன்னான்" என்று ஒரு பொய்யை எடுத்துவிடப் போனேன். அப்போது ஆசீரின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பக்கம் தலையை ஆட்டுவது என்று தெரியாமல், அசனப் பந்தியில் சரிந்து விழுந்தபோது இருந்த அதே வெளுப்போடு உட்கார்ந்திருந்தான். இவனை இப்படி ஆக்கியது கண் மருந்து மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

புட்டியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"நீயே போட்டுக்கோல."

"நானா?"

"ஆமா."

தலையை அண்ணாந்தான். முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. இரண்டாவது காதுக்குப் போயிற்று. லீதியாள் பொறுக்க முடியாமல் எழப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அடுத்த சொட்டும் தவறியபோது எனக்கே உடம்பு நாற்காலியை விட்டு எழும்பியது. இந்தத் தடவை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மூக்கில் மருந்து வடிய, பல்லைக் கடித்துக்கொண்டு இமையை விரலால் பிரித்துப் பிடித்தான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் உட்கார்ந்திருந்தோம்.